குமட்டலுக்கு ஓர் அளவுகோல்

தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. இப்பழமொழியிற் கூறப்படும் இரண்டினுள் காய்ச்சலைப் பொறுத்தவரையில் மருத்துவம் வெற்றி கண்டுவிட்டது. வெப்பமானியைக் கமக்கட்டில் வைத்தால், நோயாளி ஒரு சொல்லும் கூறாமலே, காய்ச்சல் இத்தனை பாகை என்பதைப் பக்கத்தில் நிற்பவர் அறிந்துகொள்ளலாம். நாடியை விரலால் எண்ணலாம். இரத்த அமுக்கத்தைக் கருவிகொண்டு அளக்கலாம். ஆயின் தலையிடியை அளக்கும் கருவி இன்றுவரை தோன்றவில்லை. வயிற்றைப் பிரட்டும் குமட்டலை அளக்கும் கருவியும் அவ்வாறே இல்லை. குமட்டல் என்பது அதனை அனுபவிப்பவருக்கு மட்டுமே தெரிவது. மற்றையோர் அதனை அவர் சொல்லக் கேட்டே அறிதல் வேண்டும்.

இந்தச் சிறிய உண்மை மருத்துவ உலகில் ஒரு பெரிய வினாவாக எழுந்தது, புற்றுநோய்க்கு மருந்துகளைக் கொண்டு சிகிச்சை செய்யும் முறை தோன்றிய பின்னராகும். அம்மருந்துகள் நோயைத் தாக்கும்போது நோயாளியையும் வருத்தின. அவ்வருத்தத்தை ஏட்டிற் பதிவது எங்ஙனம்? அதனைப் பதியவேண்டியவர் யார்? பார்த்து நிற்கும் வைத்தியரா, அருகில் இருந்து பணிபுரியும் தாதியா, அல்லது நோயாளி தாமேயா? இவ்வினாவுக்குத் தெளிவான விடை கிடைக்க ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு சென்றது. அந்த முக்கால் நூற்றாண்டின் கதை, எழுதுகோல் ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கு மெல்ல மெல்ல மாறிய கதையாகும்.

அக்கதை இரண்டாம் உலகப் போரின் நடுவே, ஐக்கிய அமெரிக்காவில் உள்ள யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்குகின்றது. முதலாம் உலகப் போரில் ஆயிரக்கணக்கான வீரரை வதைத்த கடுகு வாயு என்னும் நச்சுப்பொருளை ஆராயும் பணி, லூயிஸ் குட்மன், அல்பிரட் கில்மன் என்னும் இரு மருந்தியல் அறிஞரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அந்நச்சின் இனத்தைச் சேர்ந்த நைதரசன் கடுகு என்னும் பொருள், இரத்தத்தின் வெண்கலங்களையும் நிணநீர்க் கணுக்களையும் அழிப்பதை அவர்கள் கண்டனர். நிணநீர்க் கணுக்களில் தோன்றும் புற்றை இதனால் அழிக்கலாகாதா என்ற எண்ணம் அவர்களுக்கு எழுந்தது. 1942ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 27ஆந் திகதி, கழுத்திலும் தாடையிலும் பெருங்கட்டிகள் எழுந்து, வேறு வழியின்றியிருந்த ஒரு நோயாளிக்கு இம்மருந்து முதன்முதலாக நாளத்தின் வழியே ஏற்றப்பட்டது. அவர் பெயர் வெளியிடப்படவில்லை. ஜே. டி. என்னும் இரண்டு எழுத்துக்களால் மட்டுமே வரலாறு அவரை அறியும்.

போர்க்காலத்து இரகசியத்தின் காரணமாக மருந்தின் பெயரும் ஏட்டில் எழுதப்படவில்லை. எக்ஸ் என்னும் பொருள் என்றே குறிக்கப்பட்டது. சில நாட்களுள் கட்டிகள் சுருங்கின. அசைக்க முடியாதிருந்த தலையை நோயாளி அசைத்தார். உண்ண முடியாதிருந்தவர் உண்டார். எனினும் நோய் மீண்டும் தலையெடுத்தது. அவ்வாண்டு டிசம்பர் முதலாந் திகதி அவர் உயிர்நீத்தார். பல்லாண்டுகள் கழித்து யேலின் ஆவணங்களிடையே அவருடைய நோயேடு கண்டெடுக்கப்பட்டபோது, புற்றுநோய் மருத்துவத்தின் முதற்பக்கம் உலகுக்குக் கிடைத்தது. அந்த ஏட்டை எழுதியவர்கள் வைத்தியர்களே. கட்டியின் பருமனையும் இரத்தக் கலங்களின் தொகையையும் அறிவதே அன்றைய தலையாய நோக்கம். உயிரைக் காக்கும் போராட்டத்தில் வேறு எதனையும் பெரிதென எண்ண அன்று யாருக்கும் பொழுதிருக்கவில்லை.

போர் முடிந்து 1946ஆம் ஆண்டில் இந்த ஆராய்ச்சி வெளியாயிற்று. நைதரசன் கடுகு பல வைத்தியசாலைகளிற் பயன்பட்டது. அதனை ஏற்றிய சில மணி நேரத்துள் நோயாளிகள் கடுமையாக வாந்தியெடுத்தனர். மருந்து கட்டியைச் சுருக்கிற்று. ஆனால் அதனைப் பெற்றவர் முன்னிலும் நலமாக வாழ்ந்தாரா என்ற கேள்வி எழுந்தது. இக்கேள்வியை ஒழுங்காகக் கேட்டவர் நியூயோர்க் நகரில் பணிபுரிந்த டேவிட் கார்னோவ்ஸ்கி என்னும் வைத்தியர். 1948ஆம் ஆண்டில் அவரும் அவருடைய துணைவரும் ஓர் அளவுகோலை வகுத்தனர். குறைபாடு எதுவுமின்றி இயங்குபவருக்கு 100, தம் தேவைகளைத் தாமே கவனித்துக்கொண்டாலும் வழக்கமான தொழிலைச் செய்ய இயலாதவருக்கு 70, பிறர் உதவி பெரிதும் தேவைப்படுபவருக்கு 50, இறந்தவருக்கு 0. இவ்வாறு பத்துப் பத்தாக இறங்கும் அவ்வளவுகோல் இன்றும் உலகெங்கும் வழக்கில் உள்ளது.

கட்டியை விட்டு மனிதனை நோக்கிய முதல் அளவுகோல் இதுவெனலாம். எனினும் அதனைக் கையில் வைத்திருந்தவர் வைத்தியரே. அவர் நோயாளியைப் பார்ப்பார்; நடக்கின்றாரா, படுத்திருக்கின்றாரா என்று நோக்குவார்; எண்ணை எழுதுவார். நோயாளி என்ன செய்கின்றார் என்பதை அந்த எண் சொல்லும். அவருக்கு உள்ளே எப்படி இருக்கின்றது என்பதைச் சொல்லாது. அளவுகோலை வகுத்த கார்னோவ்ஸ்கியே பிற்காலத்தில் நுரையீரற் புற்றுநோய்க்கு ஆளாகி, 1969ஆம் ஆண்டில் மறைந்தார்.

இதே காலத்தில் உடலியல் அறிஞர் வேறொரு வினாவை ஆராய்ந்தனர். நாளத்தில் ஏற்றிய மருந்து வயிற்றை ஏன் பிரட்டுகின்றது என்பதே அவ்வினா. நியூயோர்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போரிசன், வாங் என்னும் இருவர், 1950ஆம் ஆண்டை அடுத்த காலப்பகுதியில், மூளையின் அடித்தண்டில் ஒரு சிறிய இடத்தை இனங்கண்டனர். மூளையின் பிற பகுதிகளை இரத்தத்திலுள்ள நஞ்சுகள் எளிதில் அணுகாதவாறு ஓர் அரண் காக்கின்றது. அச்சிறு இடத்தில் அவ்வரண் தளர்ந்திருக்கின்றது. இரத்தத்தில் நஞ்சு கலந்தால் அவ்விடம் உடனே உணர்ந்து, வாந்தியைத் தூண்டும் மையத்துக்கு அறிவிக்கின்றது. கெட்டதை உண்டவன் அதனைக் கக்கி உயிர்பிழைக்கவேண்டும் என்பதற்காக இயற்கை வைத்த காவல் இது. காவலாளிக்கு நஞ்சு எது, மருந்து எது என்று பிரித்தறியத் தெரியாது. புற்றைக் கொல்லும் மருந்து நஞ்சின் இனமே ஆதலால், அவன் கதவைத் தட்டிக் கூவுகின்றான்.

வாந்தியின் வழி ஓரளவு புலனாயிற்று. ஆயினும் நோயாளியின் வாயிலிருந்து வரும் சொல்லை மருத்துவ ஏட்டில் ஏற்றும் பணியை முன்னெடுத்தவர், மருந்துச் சிகிச்சைக்கு அப்பாற்பட்ட ஓர் இடத்திற் பணியாற்றிய பெண்மணி. இலண்டன் மாநகரின் கிழக்கே, ஹக்னி என்னும் பகுதியில், இறக்குந் தறுவாயில் உள்ளவர்களைப் பேணும் புனித யோசேப்பு இல்லம் இருந்தது. அங்கே 1958ஆம் ஆண்டு முதலாகப் பணியாற்றினார் சிசிலி சோண்டேர்ஸ் அம்மையார். அவர் முதலில் தாதியாகவும், பின்னர் வைத்தியசாலைச் சமூக ஊழியராகவும் இருந்து, ஈற்றில் வைத்தியராகத் தேறியவர். ஒரே நோயாளியின் கட்டிலை மூன்று நிலைகளில் நின்று பார்த்தவர் என்று அவரைச் சொல்லலாம்.

சோண்டேர்ஸ் அம்மையார் நோயாளிகளிடம் கேட்டார். கேட்டதை அவர்களுடைய சொற்களிலேயே எழுதினார். சில வேளைகளில் ஒலிப்பதிவுக் கருவியையும் பயன்படுத்தினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பற்றிய குறிப்புக்கள் அவரிடம் திரண்டன. நோவு வந்தபின் மருந்து கொடுப்பதை விடுத்து, நோவு வருமுன்னே நேரந்தவறாது கொடுத்தால் குறைந்த மருந்தே போதும் என்பதை அக்குறிப்புக்களைக் கொண்டு அவர் நிறுவினார். உடலின் வேதனை, மனத்தின் துயர், குடும்பத்தைப் பற்றிய கவலை, வாழ்வின் பொருளைப் பற்றிய ஏக்கம் ஆகிய யாவும் ஒன்றாய்த் திரண்ட நிலையை ‘முழு நோவு’ என்னும் பொருள்படும் தொடரால் 1960களில் அவர் விளக்கினார். 1967ஆம் ஆண்டில் அவர் நிறுவிய புனித கிறிஸ்தோபர் இல்லம் உலகிலுள்ள பல இல்லங்களுக்கு முன்மாதிரியாயிற்று. அவருடைய ஏடுகள் கற்பித்த பாடம் இது: நோயாளியின் சொல் வெறும் முறைப்பாடு அன்று, அது மருத்துவத்துக்கு வேண்டிய சான்று.

இப்பாடம் புற்றுநோய்க்கு மருந்தேற்றும் கூடங்களுக்குள் உடனே நுழையவில்லை. நுழையும்படி வற்புறுத்தியது ஒரு புதிய மருந்து. 1960களின் நடுப்பகுதியில், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னற் ரோசன்பேர்க் என்னும் விஞ்ஞானி, பற்றீரியாக்கள் வளரும் நீரில் மின்சாரத்தைச் செலுத்தி ஆராய்ந்துகொண்டிருந்தார். பற்றீரியாக்கள் இரண்டாகப் பிரிவதை விடுத்து நூல்போல் நீண்டன. அதற்குக் காரணம் மின்சாரமன்று. மின்வாயிலிருந்து கரைந்துவந்த பிளாற்றினம் என்பதை அவர் கண்டறிந்தார். கலங்கள் பிரிவதைத் தடுக்கும் பொருள் புற்றையும் தடுக்கும் என்று கருதி ஆராய்ந்ததன் பயனாகப் பிறந்தது சிஸ்பிளாற்றின் என்னும் மருந்து. 1974ஆம் ஆண்டில் இந்தியானா பல்கலைக்கழகத்தின் லோறன்ஸ் ஐன்ஹோர்ன் இதனை வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்து, விதைப்பையிற் பரவிய புற்றுநோயால் சாகவிருந்த இளைஞர் பலரைக் குணப்படுத்தினார். 1978ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் அனுமதியும் அதற்குக் கிடைத்தது.

ஆயின் அம்மருந்துக்கு ஒரு கொடிய துணை இருந்தது. தடுப்பு மருந்தின்றி சிஸ்பிளாற்றினைப் பெற்றவருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேற்பட்டோர் வாந்தியெடுத்தனர். ஒரே நாளிற் பலமுறை வாந்தியெடுத்து, வயிற்றில் ஒன்றும் இல்லாதபோதும் ஓங்காளித்துத் துவண்டவர் பலர். குணமாகும் வாய்ப்பு இருந்தும் சிகிச்சையை இடையில் நிறுத்தியவர்களும் உளர். இனி இதனை அற்பத் தொல்லை என்று புறக்கணித்தல் இயலாதாயிற்று. வாந்தியைத் தாங்க முடியாதவருக்கு உயிர்காக்கும் மருந்தினால் என்ன பயன்?

அளக்கவேண்டிய தேவை இவ்வாறு பிறந்தது. 1979ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கைந்நூல், குமட்டலையும் வாந்தியையும் ஐந்து படிகளாக வகுத்தது. ஒன்றும் இல்லையேல் 0. குமட்டல் மட்டும் இருப்பின் 1. சிறிது நேர வாந்தி 2. மருந்து தேவைப்படும் வாந்தி 3. எதற்கும் அடங்காத வாந்தி 4. இதில் ஒரு குறை உண்டு. வாந்தியெடுக்காமல் நாள் முழுவதும் குமட்டலோடு படுத்துக் கிடப்பவருக்கு எத்தனை துன்பம் இருந்தாலும் கிடைப்பது 1 என்னும் எண்ணே. கண்ணுக்குத் தெரியும் வாந்தி மேற்படியில் ஏறியது. கண்ணுக்குத் தெரியாத குமட்டல் கீழ்ப்படியில் நின்றது.

1981ஆம் ஆண்டில் நியூயோர்க்கின் மெமோறியல் ஸ்லோன் கெற்றறிங் நிலையத்தைச் சேர்ந்த றிச்சட் கிரல்லாவும் துணைவரும், மெற்றோகுளோப்பிரமைட் என்னும் மருந்தை அதிக அளவிற் கொடுத்தால் சிஸ்பிளாற்றினால் வரும் வாந்தி பெரிதும் குறையும் என்று காட்டினர். வாந்தியின் தடவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, உண்மை மருந்தையும் போலி மருந்தையும் ஒப்பிட்டு அவர்கள் இதனை நிறுவினர். வாந்தித் தடுப்பைப் பற்றிய ஆராய்ச்சி ஒழுங்கான விஞ்ஞானமாக வளர்ந்தமைக்கு இவ்வாராய்ச்சி ஒரு முக்கிய படி.

இவ்வேளையில் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் அலன் கோற்ஸ் என்னும் வைத்தியரும் துணைவரும் மிக எளிய ஒரு செயலைச் செய்தனர். அவர்கள் 73 சீட்டுக்களைத் தயாரித்தனர். 45 சீட்டுக்களில் உடலைப் பற்றிய துன்பங்களும், 28 சீட்டுக்களில் மனத்தையும் வாழ்வையும் பற்றிய துன்பங்களும் எழுதப்பட்டிருந்தன. சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த 99 நோயாளிகளிடம் அச்சீட்டுக்களைக் கொடுத்து, தமக்கு உற்றவற்றைத் தெரிந்தெடுத்து, கடியவற்றை வரிசைப்படுத்துமாறு கேட்டனர். 1983ஆம் ஆண்டில் வெளியான முடிவு இது: முதலாம் இடம் வாந்திக்கு, இரண்டாம் இடம் குமட்டலுக்கு, மூன்றாம் இடம் தலைமயிர் உதிர்தலுக்கு. நான்காம் இடத்தில் நின்றது, சிகிச்சைக்கு வரவேண்டுமே என்னும் எண்ணம்.

நான்காவது சீட்டை எந்தக் கருவியால் அளக்க முடியும்? அதனை எந்த வைத்தியர் பார்த்து எழுத முடியும்? மருந்து உடலில் ஏறுமுன்னரே, வைத்தியசாலையின் வாயிலைக் கண்டதும், அங்குள்ள மணத்தை நுகர்ந்ததும் குமட்டல் எழும் என்பதை நோயாளிகள் சொல்லியே உலகம் அறிந்தது. மணியோசை கேட்டு நாயின் வாயூறுவதைக் காட்டிய பவ்லோவின் விதியே இங்கும் இயங்குகின்றது. முன்பட்ட துன்பத்தின் நினைவைக் காட்சியும் மணமும் எழுப்பிவிடுகின்றன. நியூயோர்க் மாநிலத்தின் றொச்செஸ்ரர் நகரைச் சேர்ந்த கரி மொறோ என்னும் உளவியலறிஞரும் துணைவரும், மனத்தையும் தசைகளையும் படிப்படியாகத் தளர்த்தும் பயிற்சியால் இம்முற்குமட்டலைக் குறைக்கலாம் என்று 1982ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். நோயாளியின் சொல் ஏட்டில் ஏறியதனால், முன்பு பெயரற்றிருந்த ஒரு துன்பத்துக்குப் பெயரும் கிடைத்தது, பரிகாரமும் கிடைத்தது.

1985ஆம் ஆண்டில் மேலும் ஒன்று வெளிப்பட்டது. அதுவரை, மருந்தேற்றிய நாளின் வாந்தியையே வைத்தியர் பெரிதும் கருதினர். நியூயோர்க்கின் மார்க் கிறிஸ் என்பவரும் துணைவரும் அதன்பின் வந்த ஒவ்வொரு நாளையும் தனித்தனியே கணக்கிட்டனர். சிஸ்பிளாற்றின் ஏற்றி 48 மணி முதல் 72 மணி வரையான காலத்தில் குமட்டலும் வாந்தியும் மீண்டும் உச்சத்தை அடைவதை அவர்கள் கண்டனர். இன்றைய வழக்கத்தில் அந்நேரத்தில் நோயாளி வீட்டில் இருப்பார். வைத்தியரின் கண்ணுக்கு எட்டாத இடத்தில், வைத்தியரின் ஏட்டுக்கு வராத நாளில், துன்பத்தின் பாதி நிகழ்கின்றது. அதனை எழுதத்தக்கவர் வீட்டிலிருக்கும் நோயாளி அன்றி வேறு யார்?

எழுதுகோலை நோயாளியின் கையில் கொடுக்கும் முயற்சியில் தாதிமாரின் பங்கு பெரிது. 1978ஆம் ஆண்டில் றூத் மக்கோர்க்கிளும் அவருடைய துணைவரும் நோய்க்குறித் துன்பத்துக்கு ஓர் அளவுகோல் வகுத்தனர். நோய்க்குறி உண்டா என்பதைக் கேட்பதோடு அமையாது, அது எத்துணை வருத்துகின்றது என்பதையும் நோயாளியே குறிக்கவேண்டும் என்பது அதன் சிறப்பு. மிசூரிப் பல்கலைக்கழகத்துத் தாதியியல் அறிஞர் வேர்னா றோட்ஸ் 1980களில் குமட்டலுக்கும் வாந்திக்கும் உரிய வினாத்தாளை உருவாக்கினார். குமட்டல், ஓங்காளம், வாந்தி ஆகிய மூன்றும் ஒன்றல்ல. ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுதவேண்டும் என்பது அவருடைய முறை. ஈழத்துப் பேச்சுவழக்கை அறிந்தோருக்கு இது புதுமையன்று. வயிற்றைப் பிரட்டுவது வேறு, ஓங்காளிப்பது வேறு, சத்தியெடுப்பது வேறு என்று கிராமத்துத் தாய்மார் எக்காலமும் பிரித்தே சொல்லி வந்துள்ளனர். மருத்துவ ஏடு அப்பிரிவை ஏற்கக் காலஞ் சென்றது.

கனடாவின் எட்மன்ரன் நகரில், 1991ஆம் ஆண்டில், எடுவார்டோ புறுவேராவும் துணைவரும் வகுத்த முறை மிக எளியது. 100 மில்லிமீற்றர் நீளமான கோடுகள் வரையப்பட்டன. நோவு, இயக்கம், குமட்டல், மனச்சோர்வு, கவலை, தூக்கமயக்கம், பசி, பொதுநலம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. ஒரு முனை துன்பமின்மை. மறுமுனை துன்பத்தின் எல்லை. காலை 10 மணிக்கும் மாலை 6 மணிக்கும் நோயாளி தம் நிலையைக் கோட்டில் புள்ளியிட்டுக் காட்டுவார். அப்புள்ளிகளை இணைத்தால், கட்டிலருகே தொங்கும் காய்ச்சல் வரைபடம் போன்று, துன்பத்தின் வரைபடமும் கிடைத்தது. பின்னர் கோட்டுக்குப் பதிலாக 0 முதல் 10 வரையான எண்கள் வழக்குக்கு வந்தன. காய்ச்சலுக்கு வெப்பமானி செய்த பணியைக் குமட்டலுக்குச் செய்யும் கருவி ஈற்றில் கிடைத்தது எனலாம்; அக்கருவி நோயாளியின் சொல்லே.

மருந்துகளும் இக்காலத்தில் முன்னேறின. சிஸ்பிளாற்றின் குடலின் சுவரிலுள்ள சில கலங்களிலிருந்து செரோற்றோனின் என்னும் பொருளை வெளிப்படுத்துகின்றது. அது நரம்பைத் தூண்டி மூளைக்கு அறிவிக்கின்றது என்பது தெளிவாயிற்று. அவ்வழியை அடைக்கும் ஒண்டான்செற்றோன் 1991ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பிந்திய நாட்களின் வாந்தியில் மற்றொரு பொருளுக்குப் பங்குண்டு என்று கண்டு, அதனைத் தடுக்கும் அப்றெப்பிற்றன்ற் என்னும் மருந்து 2003ஆம் ஆண்டில் வந்தது. வாந்தி வெகுவாகக் குறைந்தது. 1993ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவில் நோயாளிகளிடம் மீண்டும் சீட்டுமுறையில் கேட்டபோது, 1983இல் முதலிடத்தில் நின்ற வாந்தி ஐந்தாம் இடத்துக்கு இறங்கியிருந்தது. ஆனால் முதலிடம் வெறுமையாகவில்லை. அவ்விடத்தில் ஏறி நின்றது குமட்டல். கண்ணுக்குத் தெரிந்த பகை வீழ்ந்தது. கண்ணுக்குத் தெரியாத பகை எஞ்சியது.

இதனை வைத்தியர்கள் உணர்ந்திருந்தார்களா? 2004ஆம் ஆண்டில் ஸ்ரீபன் குறுன்பேர்க்கும் துணைவரும் ஆறு நாடுகளிலுள்ள 14 சிகிச்சை நிலையங்களில் இதனை ஆராய்ந்து வெளியிட்டனர். நோயாளிகளுள் எத்தனை பேருக்குக் குமட்டலும் வாந்தியும் வரும் என்று வைத்தியரிடமும் தாதியரிடமும் முன்கூட்டியே கேட்டனர். பின்னர் 298 நோயாளிகள் தம் நாட்குறிப்பில் எழுதியதை அதனோடு ஒப்பிட்டனர். வைத்தியரிலும் தாதியரிலும் முக்காற்பங்கினருக்கு மேற்பட்டோர் பிந்திய நாட்களின் துன்பத்தைக் குறைத்தே மதித்திருந்தனர். அவர்கள் கல்நெஞ்சர் அல்லர். அவர்கள் பார்த்த நாளில் நோயாளி நலமாக இருந்தார். அவர்கள் பாராத நாளை நாட்குறிப்பே பார்த்தது.

நோயாளிகள் மிகைப்படுத்துவர்; அவர்களின் எழுத்தை எங்ஙனம் நம்புவது என்ற ஐயமும் சிலரிடம் இருந்தது. இதனை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் ஈதன் பாஷ் என்னும் அமெரிக்க வைத்தியர். 2006ஆம் ஆண்டில் அவரும் துணைவரும் 400 நோயாளிகளின் மதிப்பீட்டை வைத்தியரின் மதிப்பீட்டோடு ஒப்பிட்டனர். வாந்தி, வயிற்றோட்டம் போன்று வெளியில் தெரிபவற்றில் இருவரும் பெரும்பாலும் ஒன்றுபட்டனர். களைப்பு, மூச்சுத்திணறல் போன்று உள்ளே உணர்பவற்றில் வேறுபட்டனர். அவ்வாறு வேறுபட்ட இடங்களிற் பொதுவாக வைத்தியரின் எண்ணே குறைந்திருந்தது. இத்தகைய ஆராய்ச்சிகளின் விளைவாக, அமெரிக்காவின் தேசிய புற்றுநோய் நிறுவனம், மருந்துகளின் தீங்குகளைப் பற்றி நோயாளிகளிடமே கேட்கும் பொருட்டு 78 நோய்க்குறிகள் அடங்கிய வினாத்தொகுதியை உருவாக்கிற்று.

பின்னர் வந்தது இக்கதையின் வியத்தகு பகுதி. 2007 முதல் 2011 வரை நியூயோர்க்கில், பரவிய புற்றுநோயுடைய 766 நோயாளிகள் ஓர் ஆராய்ச்சியிற் சேர்க்கப்பட்டனர். ஒரு பகுதியினர் வழக்கமான பராமரிப்பைப் பெற்றனர். மற்றப் பகுதியினர் குமட்டல், நோவு, மூச்சுத்திணறல், களைப்பு முதலாய 12 நோய்க்குறிகளைக் கணினியிற் பதிந்து வந்தனர். துன்பம் கடுமையானால் தாதிக்கு உடனே செய்தி சென்றது. தாதி தொலைபேசியில் அழைப்பார். மருந்தை மாற்ற வழிசெய்வார். வேண்டின் வைத்தியசாலைக்கு வரச்சொல்வார். பதிந்து வந்தவர்கள் அவசர சிகிச்சைப் பிரிவை நாடியது குறைவு. மருந்துச் சிகிச்சையைத் தொடர்ந்து தாங்கிய காலம் கூடுதல். 2017ஆம் ஆண்டில் வெளியான கணக்கின்படி, வழக்கமான பராமரிப்புப் பெற்றவர்களின் வாழ்நாள் நடுமதிப்பு 26 மாதம். பதிந்து வந்தவர்களுக்கு அது 31.2 மாதம். புதிய மருந்தொன்றும் கொடாமல், கேட்பதையும் கேட்டதற்கு இணங்கச் செயற்படுவதையும் ஒழுங்காகச் செய்தமையால் நேர்ந்த வேறுபாடு இது.

இம்முடிவு எங்கும் அப்படியே நிகழும் என்று கொள்ளுதல் தவறு. பின்னர் அமெரிக்காவில் 52 சிகிச்சை நிலையங்களில் நடைபெற்ற பேராராய்ச்சியின் முடிவு 2025ஆம் ஆண்டில் வெளியானபோது, வாழ்நாள் நீட்சியில் வேறுபாடு காணப்படவில்லை. எனினும் பதிந்து வந்தவர்கள் தம் உடல் வலுவை மேலாகக் காத்துக்கொண்டனர். அவசர சிகிச்சையை நாடவேண்டிய நாளும் அவர்களுக்குப் பிந்தியே வந்தது. நாட்குறிப்பு மருந்தன்று. அதனை வாசிப்பவர் ஒருவர் இருந்து, வாசித்ததற்கு இணங்கச் செயற்பட்டால் மட்டுமே அது பயன்தரும். வாசிப்பார் அற்ற ஏடு, கேட்பார் அற்ற முறைப்பாட்டை ஒக்கும்.

கணினி இல்லாத வீட்டிலும் இவ்வரலாற்றின் பயனைப் பெறலாம். அதற்கு வேண்டியது ஒரு சிறு கொப்பியும் ஒரு பென்சிலுமே. மருந்தேற்றிய நாள், அதன்பின் வந்த ஒவ்வொரு நாளும் காலையிலும் மாலையிலும் குமட்டலுக்கு 0 முதல் 10 வரையான ஓர் எண், சத்தியெடுத்த தடவைகள், உண்டதும் குடித்ததும், கொடுத்த மாத்திரையும் அதன்பின் நேர்ந்த மாற்றமும். இவற்றை நோயாளி எழுத முடியாதபோது, அவர் சொல்ல மகளோ மகனோ எழுதலாம். ஆனால் எண்ணைச் சொல்பவர் நோயாளியாகவே இருத்தல் வேண்டும். தண்ணீரும் தங்காது வாந்தியெடுத்தாலோ, காய்ச்சல் கண்டாலோ கொப்பியில் எழுதிவிட்டுக் காத்திருத்தல் ஆகாது. அன்றே வைத்தியசாலைக்கு அறிவித்தல் வேண்டும். அடுத்தமுறை வைத்தியர் “எப்படி இருக்கின்றீர்கள்?” என்று கேட்கும்போது, வைத்தியருக்குத் தொந்தரவு கொடுக்கலாகாது என்று எண்ணிப் “பரவாயில்லை ஐயா” என்று கூறி எழுந்து வருவோர் பலர். அவ்வேளையில் கொப்பியை மேசைமேல் வைத்தால், நாணத்தால் வாய் சொல்லாததை அது சொல்லும்.

1942ஆம் ஆண்டில் ஜே. டி. என்னும் மனிதரின் கட்டி எவ்வளவு சுருங்கியது என்பதையும், அவருடைய இரத்தத்தின் வெண்கலங்கள் எவ்வளவு குறைந்தன என்பதையும் உலகம் இன்று அறியும். அம்மருந்தைப் பெற்ற இரவுகள் அவருக்கு எப்படிக் கழிந்தன என்பதை அவருடைய கையால் எழுதிவைக்க அன்று யாரும் அவரைக் கேட்கவில்லை. இன்று கேட்கின்றனர். கேட்கும் வைத்தியசாலைகளின் தொகை ஆண்டுக்கு ஆண்டு பெருகி வருகின்றது.